மெமரி கார்டு ரெக்கவரிக்குக் கொடுக்கும் முன்: புதுச்சேரியில் நடந்த ஒரு ஏமாற்று

திருவந்திபுரம் தேவநாதசுவாமி கோயிலில் நடந்த ஒரு கல்யாணம். கடலூர்க் குடும்பம். வீட்டுக் கேமராவில் எடுத்த படங்கள் ஒரு 32 ஜிபி கார்டில் இருந்தன. யாரோ கைதவறிக் கேமராவிலேயே ஃபார்மட் கொடுத்துவிட்டார்கள். பதறிப்போய்ப் புதுச்சேரியில் டேட்டா ரெக்கவரி போர்டு மாட்டிய ஒரு கடைக்குக் கொண்டுபோனார்கள். "சென்னை லேபுக்கு அனுப்பணும், தூசி இல்லாத ரூம்ல பிரிச்சுத்தான் எடுக்க முடியும்" என்று சொல்லி 9,000 ரூபாய் வாங்கினார்கள். பில் கிடையாது. சில நாள் கழித்து அதே கார்டில் படங்கள் வந்தன. பல படங்களில் கீழ்ப்பாதி வெறும் சாம்பல் நிறம். தாலி கட்டும் வீடியோ திறக்கவே இல்லை. கேட்டால், கார்டே டேமேஜ் என்கிறார்கள்.

கார்டில் ஒரு கோளாறும் இல்லை. திரும்பி வந்த படங்கள் 'ரெகப்_டிர்.1', 'ரெகப்_டிர்.2' என்ற ஃபோல்டர்களில் இருந்தன. இது ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருள் வைக்கும் பெயர். முதல் ஃபோல்டரில் 'ரிப்போர்ட்.எக்ஸ்எம்எல்' என்றொரு ஃபைல் இருக்கும். நோட்பேடில் திறந்தால் மென்பொருளின் பெயர், பதிப்பு, தொடங்கிய நேரம் எல்லாம் தெரியும். இங்கேயும் இருந்தது. லேபும் இல்லை, தூசியில்லா அறையும் இல்லை. அந்த அறை, உள்ளே தட்டு சுழலும் ஹார்ட் டிஸ்க்கைத் திறக்கத்தான் தேவை. மெமரி கார்டில் சுழல்வது எதுவுமே கிடையாது.

இலவச மென்பொருளுக்குப் பணம் வாங்கியதைக்கூட விட்டுவிடலாம், உழைப்புக்குக் கூலி உண்டு. மன்னிக்க முடியாதது வேறு. ஃபைல்கள் கார்டில் உருவான நேரங்கள், ஃபோட்டோரெக் கார்டைத் துழாவிக்கொண்டிருந்த நேரத்துக்குள்ளேயே வரிசையாக அடங்குகின்றன. அதாவது, மீட்ட படங்களை நேராக அதே கார்டிலேயே சேமித்திருக்கிறார்கள். கேமராவின் சாதாரண ஃபார்மட், எந்தப் படம் எங்கே இருக்கிறது என்ற பட்டியலைத்தான் அழிக்கும், படங்கள் அப்படியே இருக்கும். அவற்றின் மேல் புதிதாக எழுதினால்தான் போகும். இப்போது போனது போனதுதான். எந்த லேபாலும் எடுக்க முடியாது.

வீட்டிலேயே செய்திருந்தால் இப்படித்தான் செய்திருக்க வேண்டும். படம் போனது தெரிந்ததும் கார்டை வெளியே எடுத்து, பக்கத்தில் உள்ள லாக் பொத்தானைக் கீழே தள்ளுங்கள். கார்டு ரீடரில் போட்டதும் விண்டோஸ் 'ஃபார்மட் செய்யவா', 'ஸ்கேன் செய்து சரிசெய்யவா' என்று கேட்டால் வேண்டாம் என்றே சொல்லுங்கள். வின்32 டிஸ்க் இமேஜர் என்ற இலவச மென்பொருளில் 'ரீட்' கொடுத்து முழுக் கார்டையும் ஒரே ஃபைலாகக் கணினியில் நகலெடுங்கள். 32 ஜிபி கார்டுக்கு நகலும் மீட்ட படங்களும் சேர்ந்து 64 ஜிபிக்கு மேல் காலியிடம் வேண்டும். பிறகு ஃபோட்டோரெக்கையே மவுஸால் இயக்கும் வடிவமான க்யூஃபோட்டோரெக்கைத் திறந்து (நிறுவத் தேவையில்லை, ஜிப்பைப் பிரித்தால் போதும்) அந்த நகல் ஃபைலைக் கொடுங்கள். ஃபார்மட் ஆன கார்டு என்பதால் 'ஃப்ரீ' (காலியிடத்தில் மட்டும் தேடுவது) வேண்டாம், 'ஹோல்' (முழுவதும் தேடுவது) தேர்வு செய்யுங்கள். ஃபைல் வகைகளில் ஜேபிஜி, எம்ஓவி போதும். எம்பி4 வீடியோவும் எம்ஓவியில்தான் அடங்கும். நிக்கான், கேனான் ரா படங்கள் (ஜேபிஜியாகச் சுருக்காத மூலப் படங்கள்) இருந்தால் டிஐஎஃப் வகையையும் சேருங்கள்.

ஃபைல் பெயர்கள் திரும்பி வராது. படம் எடுத்த தேதி ஜேபிஜிக்குள்ளேயே இருப்பதால் எக்ஸிஃப்டூல் என்ற இலவச மென்பொருள் கொண்டு வரிசைப்படுத்திவிடலாம். கார்டில் வீடியோ துண்டு துண்டாகப் பதிவாகியிருந்தால் ஃபோட்டோரெக் அதைச் சரியாகச் சேர்க்காது, அந்த ஏமாற்றம் இருக்கவே செய்யும்.

கடைக்குப் போயே ஆகவேண்டிய நேரமும் உண்டு: டிக் டிக் என்று சத்தம் போடும் ஹார்ட் டிஸ்க், வெள்ளத்தில் நனைந்த டிஸ்க், கணினி அடையாளமே காணாத கார்டு. இவற்றுக்குக் கரண்ட் கொடுத்துச் சோதிக்கவே கூடாது. கொடுக்கும்போது, முதலில் நகல் எடுப்பீர்களா, எதில் சேமிப்பீர்கள் என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். பணம் கொடுக்கும் முன் சில படங்களையாவது முழு அளவில் திறந்து காட்டச் சொல்லுங்கள். சின்ன முன்னோட்டத்தை நம்ப வேண்டாம், பெரிய படம் பாழானாலும் அது மட்டும் நன்றாகத் தெரியும்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் கார்டை மேற்கொண்டு பயன்படுத்தாமல் அப்படியே வையுங்கள், ரிப்போர்ட் ஃபைல் அதில்தான் இருக்கிறது. யுபிஐ ரசீது, வாட்ஸ்அப் பேச்சு இரண்டையும் சேமியுங்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். கடை புதுச்சேரியில் இருந்தாலும் கடலூர்க்காரர் கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். காலக்கெடு இரண்டு ஆண்டு. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள்.