எஃப்-100 டிரக்கில் பழைய ஸ்டீயரிங் தண்டா, புது டில்ட் ஸ்டீயரிங்கா?

1953–56 ஃபோர்டு எஃப்-100 டிரக்கில் ஸ்டீயரிங் பாக்ஸும் (முன் சக்கரங்களைத் திருப்பும் பெட்டி) அங்கிருந்து ஸ்டீயரிங் வீல் வரை போகும் தண்டும் ஒரே அமைப்பு. அதை அப்படியே விட்டால் ஃபயர்வாலில், அதாவது எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள தகட்டில், கை வைக்கவே வேண்டாம். ஆனால் நேருக்கு நேர் மோதினால், மடங்காத அந்த இரும்புத் தண்டு ஓட்டுபவரின் நெஞ்சை நோக்கித்தான் வரும்.

டில்ட் ஸ்டீயரிங் (வீலை மேலும் கீழும் சாய்த்துக்கொள்ளும் வகை) என்றால் பாக்ஸையும் மாற்ற வேண்டும், வேலை கூடும். சீட்டைப் பொருத்தி, அதில் உட்கார்ந்து, வீல் கைக்கு வாகாக வருகிறதா என்று பார்த்த பிறகே புதுத் தண்டுக்கு ஃபயர்வாலில் துளை போடுங்கள். முதலில் அட்டையில் வெட்டிப் பார்ப்பது நல்லது. ஃபயர்வால் தகடு மெல்லியது. துளையைச் சுற்றி ஒரு கெட்டித் தகடு வெல்டு செய்யாவிட்டால், வீலைப் பிடித்து ஏறும்போதெல்லாம் அது நெளியும். அப்புறம், எக்ஸாஸ்ட் குழாயைச் சுற்றிப் போக மூன்றாவது யூனிவர்சல் ஜாயிண்ட் (தண்டு கோணம் மாறித் திரும்ப உதவும் இணைப்பு) போட்டால், நடுத் தண்டைத் தாங்க ஒரு பேரிங் கட்டாயம். இல்லையென்றால் தண்டு ஆடும். அந்த ஆட்டத்தோடு வண்டியைச் சாலைக்கு எடுக்கவே கூடாது.

கண்காட்சியில் நிற்கும் வண்டிக்குப் பழையதே அழகு. குடும்பத்தோடு போகிற வண்டிக்கு நான் டில்ட்டைத்தான் சொல்வேன். ஆனால் டில்ட் எல்லாமே மோதலில் மடங்கும் வகை அல்ல; மடங்குமா என்று கேட்டு வாங்குங்கள்.