சம்மர்வெல்ட்டை விட்டு வந்த குதிரைக்கு எந்த பிட்? சேணக் கடை அலமாரியில் ஒரு அலசல்

டர்பனிலிருந்து ஹில்க்ரெஸ்ட், ஷோங்வேனி பக்கம் போய்க் குதிரை வாங்கும் நம் குடும்பங்கள் பலவற்றுக்கு அமைவது பந்தயத்தை விட்டு வந்த தரோபிரெட்தான் (பந்தயத்துக்கென வளர்க்கும் குதிரை இனம்). சம்மர்வெல்ட் பயிற்சி மையத்தில் ஓடி முடித்தது, விலை கட்டுப்படியாகும், கால் நன்றாக இருந்தால் அருமையான சவாரிக் குதிரையாகும். வாங்கிய கொஞ்ச நாளில், "இழுத்தால் நிற்க மாட்டேன் என்கிறது, இதைவிட வலுவான பிட் இருக்கிறதா?" என்று சேணக் கடைக்கு வருகிறார்கள் (பிட் என்பது கடிவாளத்தில் குதிரையின் வாய்க்குள் போகும் துண்டு). காசும் வீண், குதிரையின் வாயும் பாழ்.

பந்தயக் குதிரைக்குக் கடிவாள வாரில் இறுக்கம் வந்தால் 'ஓடு' என்று பொருள். ஜாக்கி இரண்டு வாரையும் குறுக்கே சேர்த்துப் பிடித்து, குதிரை அந்தப் பிடியில் சாய்ந்துகொண்டே வேகமெடுக்கப் பழக்கியிருப்பார்கள். அப்படிப்பட்ட குதிரையை வலுவான பிட்டால் இழுத்தால் இரண்டில் ஒன்று நடக்கும்: வலி தாங்காமல் தலையைத் தூக்கி முதுகைக் குழித்து இன்னும் ஓடும், அல்லது நாக்கைப் பின்னால் சுருட்டி பிட்டுக்கு மேலே போட்டுவிடும். இரண்டாவதைப் பழகிவிட்டால் மாற்ற மாதக்கணக்கில் ஆகும்.

அதனால் எங்கள் தேர்வை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: நடுவில் உருண்டையான லோசெஞ்ச் துண்டு வைத்த, இரட்டை மூட்டுள்ள எக்பட் ஸ்நாஃபிள் (நெம்புகோல் இல்லாமல் வார் நேரடியாக இழுக்கும் பிட்), ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், 14 மில்லிமீட்டர் கனம். ஷோங்வேனி மேட்டில் சவாரி போகிறவர், பள்ளிப் போட்டியில் குழந்தையை இறக்குகிறவர், தாவல் கற்றுக்கொடுக்கிறவர் எல்லோருக்கும் முதல் பிட்டாக இதுவே போதும். எக்பட்டின் வளையம் நகராமல் நிற்கும், உதட்டோரத்தைக் கிள்ளாது. இரட்டை மூட்டு நாக்கின் மேல் வளைந்து படியும். ஒற்றை மூட்டு ஸ்நாஃபிள் மலிவாகக் கிடைக்கும், ஆனால் இரண்டு வாரையும் சேர்த்து இழுத்தால் பாக்குவெட்டி மாதிரி மடங்கி நாக்கை இருபுறமும் நெருக்கும்; அண்ணம் தாழ்ந்த குதிரைக்கு மூட்டு மேலேயும் முட்டும்.

பிட் உட்காரும் இடம் முன்பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவே உள்ள பல்லில்லாத ஈறு. மெல்லிய தோலுக்குக் கீழே நேராக எலும்பு. நாக்கு வாயை நிறைத்துக்கொண்டு கிடக்கும். வாயை மூடினால் மிச்ச இடமே இல்லை. 'கனமான பிட் மென்மையானது' என்ற பேச்சு இதனால்தான் பாதி உண்மை. கனம் கூடினால் அழுத்தம் பரவும், சரி. ஆனால் சின்ன வாய்த் தரோபிரெட்டுக்கு 18 மில்லிமீட்டர் பிட்டை மாட்டினால் வாயை மூடவே முடியாது, நாள் முழுக்க மென்றுகொண்டே இருக்கும். உதட்டைப் பிரித்துப் பாருங்கள்: பல் சேர்ந்திருக்கும்போதே நாக்கு ஓரத்தில் பிதுங்கி வந்தால் மெல்லிய பிட்டே நல்லது.

அகலத்தை ஊகிக்க வேண்டாம். மெல்லிய மரக்குச்சியையோ கயிற்றையோ பிட் உட்காரும் இடத்தில் வைத்து, உதட்டின் இரண்டு ஓரத்திலும் குறி போடுங்கள். எக்பட், டி-ரிங் போன்ற நிலையான வளையத்துக்கு அந்த அளவோடு மொத்தம் 5 மில்லிமீட்டர் சேர்க்க வேண்டும். லூஸ் ரிங்குக்கு (வளையம் துளைக்குள் நகரும் வகை) 10. தரோபிரெட்டுகளுக்குப் பெரும்பாலும் 12.5 முதல் 13.5 சென்டிமீட்டரில் விழும். பழைய பிட்டை அளப்பதென்றால் மேசையில் நேராக நீட்டி, வளையங்களின் உட்பக்கத்துக்கு இடையில் அளந்து பாருங்கள். அகலம் கூடிப்போன பிட் ஒரு பக்கமாக இழுபட்டு, மூட்டு நாக்கின் நடுவிலிருந்து விலகி ஈறில் அழுத்தும். வாங்குவோர் அதிகம் தவறுவது இங்கேதான். குறுகிய பிட்டின் கோளாறு உடனே தெரிந்துவிடும், உதட்டோரம் புண்ணாகும்.

விலை கூடியதில் பார்க்க வேண்டியது ஜெர்மனியின் ஸ்பிரெங்கர் கேகே அல்ட்ரா. நடுத்துண்டு 45 டிகிரி முன்னால் சாய்த்துச் செய்யப்பட்டிருக்கிறது. வாரை எடுத்ததும் நாக்கின் மேல் தட்டையாகப் படியும். செம்பு கலந்த உலோகம் என்பதால் குதிரை தாடையைத் தளர்த்தி எச்சில் ஊறவிடும் என்பார்கள். கையில் எடுத்தாலே வேலைப்பாடு தெரியும்: மூட்டில் ஆட்டமில்லை, எங்கும் விளிம்பு தட்டுப்படாது. டிரெஸ்ஸாஜில் (குதிரையின் நடையையும் பணிவையும் மதிப்பிடும் போட்டி) நிலைத்து நிற்கப்போகிறவர் தயங்காமல் வாங்கலாம். சாய்வு உள்ளதால் இதற்கு முன்பின் உண்டு. அம்புக்குறி உள்ள வளையம் குதிரையின் இடப்பக்கம் வந்து, அம்பு போகும் திசையைக் காட்ட வேண்டும். திருப்பி மாட்டினால் கொடுத்த விலைக்குப் பலனே இல்லை. வாரில் சாயும் குதிரைக்கு லூஸ் ரிங் உதவும், வளையம் நகர்வதால் ஊன்றிக்கொள்ள நிலையான பிடி கிடைக்காது. அதே குதிரை நடுங்கித் தலையை ஒளித்தால் எக்பட்டுக்குத் திரும்புங்கள்.

இரட்டை மூட்டிலேயே ஏமாற்றும் ஒன்று இருக்கிறது. எட்டு வடிவில் உருண்ட சின்னத் தகடு இருந்தால் பிரெஞ்சு லிங்க், நல்லது. நீளமாக, இரண்டு விளிம்பும் நேராக, கோணலாகப் பொருத்திய தகடு இருந்தால் டாக்டர் பிரிஸ்டல். அந்த விளிம்பு நாக்கில் இறங்கும். அலமாரியில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் தொங்கும். பெயரட்டை மாறியிருந்தால்கூடத் தகட்டைப் பார்த்தே பிரித்துவிடலாம். டிரெஸ்ஸாஜில் டாக்டர் பிரிஸ்டலுக்கு அனுமதி இல்லை.

டிரெஸ்ஸாஜ் விதியில் மனதில் வைக்க வேண்டிய எண்கள்: எஃப்இஐ (உலகக் குதிரையேற்றக் கூட்டமைப்பு) விதிப்படி குதிரைக்கு ஸ்நாஃபிள் குறைந்தது 14 மில்லிமீட்டர் கனம்; இரண்டு பிட் மாட்டும் இரட்டைக் கடிவாளத்தில், நெம்புகோல் வகையான கர்ப் பிட்டின் கீழ்க்கை 10 சென்டிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. கனத்தை அளப்பது வளையத்தை ஒட்டிய இடத்தில். உள்ளூர்ப் போட்டிக்கு சவுத் ஆப்ரிக்கன் எக்வெஸ்ட்ரியன் ஃபெடரேஷனின் அந்த ஆண்டு விதிநூலைப் பார்த்த பிறகே வாங்குங்கள்.

ஷோ ஜம்பிங்கில் விதி தளர்வு. அதனாலேயே கேக், பெல்ஹாம், ஹேக்கமோர் (வாயில் பிட் இல்லாமல் மூக்கை அழுத்தும் கடிவாளம்) என்று குவித்து வைத்திருப்பார்கள். இவற்றில் எங்கள் மதிப்பு பெல்ஹாமுக்குத்தான், அதுவும் இரண்டு வார் பிடிக்கத் தெரிந்த கைக்கு. மேல் வார் ஸ்நாஃபிள் போலப் பேசும், கீழ் வார் தேவைப்படும்போது மட்டும் நெம்புகோல். தாடைச் சங்கிலியைக் கடிகார முள் திசையில் முறுக்கித் தட்டையாக்கி மாட்ட வேண்டும். கீழ்க்கையைப் பின்னால் இழுத்தால் ஏறக்குறைய 45 டிகிரியில் சங்கிலி பிடிக்க வேண்டும். அதற்கு முன்பே பிடித்தால் இறுக்கம், அதைத் தாண்டினால் பிட் முழுதும் புரண்டு அண்ணத்தில் ஏறும். இரண்டு வளையத்தையும் தோல் இணைப்பால் சேர்த்து ஒரே வாராக்கினால் பெல்ஹாம் வாங்கிய காரணமே போய்விடும்.

குவாசூலு-நட்டால் மிட்லண்ட்ஸ் போலோ மைதானத்தில் கேக் பிட்டைப் பார்த்துவிட்டு அதையே கேட்கிறவர்கள் உண்டு. போலோக்காரர் நான்கு வாரையும் ஒரே கையில் பிடிக்கிறார், மறுகையில் மட்டை, முழு ஓட்டத்திலிருந்து திடீரென்று நிறுத்தித் திரும்ப வேண்டும். அதற்காகவே பழக்கிய போனிகள் அவை. கேக்கின் வார் இழுபட்டால் பிட் வாயில் மேலே ஏறும், தலைவார் உச்சந்தலையைக் கீழே அமுக்கும். ஒரே நேரத்தில் இரண்டு எதிரெதிர்க் கட்டளை. சாதாரணச் சவாரிக்கு வேண்டவே வேண்டாம்.

எண்டூரன்ஸ் என்ற நெடுந்தூர ஓட்டக்காரர்கள் ஹேக்கமோரை நாடுவது நியாயம்தான். வழியில் தண்ணீர் குடிக்கவும் மேயவும் குதிரைக்கு வாய் வேண்டும். ஆனால் கை நீண்ட ஹேக்கமோரை மூக்கெலும்பு முடியும் இடத்துக்குக் கீழே இறக்கிக் கட்டினால் மூச்சையே அடைக்கும். ரப்பர் பிட்டுகளை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. கடித்துக் கிழிந்த விளிம்பு நாக்கை அறுக்கும்.

கடையிலேயே செய்ய வேண்டிய சோதனை ஒன்று. கொஞ்சம் பஞ்சை எடுத்து மூட்டுகளிலும் வளையம் போகும் துளையைச் சுற்றியும் மெதுவாக இழுங்கள். நார் மாட்டிக்கொண்டால் அங்கே பிசிறு இருக்கிறது; எந்தப் பெயர் பொறித்திருந்தாலும் அந்த பிட்டைத் திருப்பி வையுங்கள். பிறகு முழங்கைக்குக் கீழே உள்பக்கம் பிட்டை வைத்து, இரண்டு வளையத்தையும் வார் இழுப்பது போல இழுத்துப் பாருங்கள். எங்கே அழுத்துகிறது என்று தோலே சொல்லும். முலாம் பூசிய மலிவுச் சரக்கு டர்பன் உப்புக் காற்றில் சீக்கிரம் பொரிந்து, உரிந்த இடம் கத்தி முனையாகிவிடும். ஸ்வீட் அயர்ன் என்ற சாதாரண இரும்பு பிட் துருப்பிடிக்கத்தான் செய்யும், குதிரைக்கு அந்தச் சுவை பிடிக்கும் என்பார்கள். ஆனால் கடலோரத்தில் குழி விழும் வரை விட்டுவிடக் கூடாது.

மாட்டியபின் உதட்டோரத்தில் ஒன்று, மிஞ்சினால் இரண்டு மெல்லிய சுருக்கம். மூக்குவாரில், மூக்கெலும்பின் மேல் இரண்டு விரல் புக வேண்டும். வாயை இறுக்கிக் கட்டி மூடவைத்தால் பிட் பிடிக்கவில்லை என்று குதிரை சொல்ல வழியே இல்லை. தலையை உதறுகிறது, ஒரு பக்கமாகவே சாய்கிறது என்றால் அடுத்த பிட் வாங்கும் முன் பல் மருத்துவரை அழைத்து ஓநாய்ப் பல்லும் (கடைவாய்ப் பல்லுக்கு முன்னால் முளைக்கும் சின்னப் பல்) கடைவாய்ப் பல் கூர்மையும் பார்க்கச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு சேணம் பொருந்துகிறதா என்று பாருங்கள். சவாரி செய்பவரின் கையைக் கடைசியாக அல்ல, கூடவே கவனியுங்கள். ஜூன், ஜூலையில் மிட்லண்ட்ஸ் பக்கம் உறைபனி விழும் காலையில் பிட்டை உள்ளங்கையில் வைத்துச் சூடேற்றிய பிறகே மாட்டுங்கள்.

சவாரி முடிந்ததும் நல்ல தண்ணீரில் அலசித் துடைத்தால் போதும். லாயத்தில் ஒரே பிட்டைப் பல குதிரைகளுக்கு மாற்றி மாட்டும் வழக்கம் இருந்தால் நிறுத்துங்கள்: ஸ்ட்ராங்கிள்ஸ் என்ற குதிரைத் தொற்றுநோய் சளியிலும் எச்சிலிலும் பரவும், பிட்டும் தண்ணீர் வாளியும் அதற்கு நல்ல வழி. லூஸ் ரிங் வைத்திருப்பவர்கள் மாதம் ஒருமுறை வளையத் துளையில் விரல் நுனியை விட்டுப் பாருங்கள்; துளை முட்டை வடிவில் தேய்ந்து ஓரம் கூர்ந்திருந்தால் அந்த பிட்டின் ஆயுள் முடிந்தது.