ஐரோப்பாவில் தண்டம் அடிப்பார்கள் என்று வெருட்டி சான்றிதழ் விற்கிறார்கள், கவனம்

கடகம், சுளகு, நீத்துப்பெட்டி, ஒடியல் என்று வன்னியில் இருந்து வெளிநாட்டுக்கு ஒன்லைனில் விற்கிற ஆட்கள் இதைக் கட்டாயம் வாசியுங்கள். எங்களைப் போன்ற சின்ன ஆட்களைத்தான் தேடி வருகிறார்கள்.

எங்களுக்குக் கிளிநொச்சியில் பனையோலை வேலை. என்னோடு சேர்த்து ஐந்து பெண்கள். எங்கள் சைட்டைச் சரிசெய்து சான்றிதழ் தருகிறேன் என்று ஒருவர் வந்தார். நன்றாகத்தான் கதைத்தார். "அக்கா, 2025 ஜூன் 28இல இருந்து ஐரோப்பாவில புதுச் சட்டம். கண் தெரியாத ஆக்கள் பாவிக்கிற மாதிரி உங்கட சைட் இல்லையெண்டா தண்டம் அடிப்பாங்கள், பார்சலையும் மறிப்பாங்கள்." சுவிஸுக்கு அனுப்பினாலும் இதே சட்டம்தானாம். சுவிஸ் ஐரோப்பிய ஒன்றியத்திலேயே இல்லை!

சட்டம் பொய்யில்லை, இணைய விற்பனைக்கும் அது பொருந்தும். ஆனால் பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்கிற, வருட விற்பனை 20 லட்சம் யூரோவைத் தாண்டாத நிறுவனங்களின் சேவைக்கு அதே சட்டம் விலக்குக் கொடுத்திருக்கிறது. 20 லட்சம் யூரோவுக்குச் சுளகு விற்றால் நான் ஏன் இந்தத் தகரக் கொட்டிலில் இருக்கிறேன்? அந்த விலக்கைப் பற்றி அவர் மூச்சே விடவில்லை.

ஒன்றேகால் லட்சம் ரூபா வாங்கிக்கொண்டு அவர் செய்தது, பக்கத்தின் மூலையில் மனித உருவம் போட்ட ஒரு நீலப் பொத்தான். அழுத்தினால் எழுத்துப் பெரிதாகும், நிறம் மாறும். கூடவே தங்கக் கரை போட்ட சான்றிதழ்.

முரசுமோட்டையில் பார்வை இழந்த தம்பி ஒருவர் இருக்கிறார். கணினித் திரையை வாசித்துச் சொல்லும் என்விடிஏ என்ற இலவச மென்பொருளைத்தான் பாவிக்கிறார். அவரைக் கூப்பிட்டுச் சைட்டைத் திறக்கச் சொன்னேன். கடகத்தின் படத்துக்கு வந்ததும் "ஐஎம்ஜி 4032" என்று வாசித்தது. கூடையில் சேர்க்கிற இடத்தில் "பட்டன், பட்டன்" என்றது, என்ன பட்டன் என்று இல்லை. விலாசம் எழுதும் இடத்தில் எந்தக் கட்டம் எதற்கென்று தெரியவில்லை. அந்த நீலப் பொத்தானைத் திறந்தால் விசைப்பலகையால் வெளியே வரவே வழியில்லை. "அக்கா, இது இல்லாமலே நல்லா இருந்திருக்கும்" என்றார் அவர்.

சான்றிதழில், இணையத்துக்கான தரங்களை எழுதும் சர்வதேச அமைப்பான டபிள்யூ3சி-யின் தரம் என்று இருந்தது. தரத்தை எழுதியது அவர்கள்தான், ஆனால் எந்தச் சைட்டுக்கும் அவர்கள் சான்றிதழ் கொடுப்பதில்லை. அந்த நீலப் பொத்தான் மாதிரி ஒரு கருவியைப் போட்டால் எந்தச் சைட்டும் தரத்துக்கு வந்துவிடும் என்று விளம்பரம் செய்த கொம்பனி ஒன்றுக்கு அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் 2025இல் 10 லட்சம் டொலர் கட்ட உத்தரவிட்டது.

விலக்கு இருந்தாலும் வேலையைச் செய்யத்தான் வேண்டும். வன்னியில் கண்ணையும் கையையும் இழந்தவர்கள் எத்தனை பேர்! அந்தத் தம்பி சொல்லச் சொல்ல, மகள் ஒவ்வொரு படத்துக்கும் "சிவப்புக் கரை வைத்த நடுத்தரக் கடகம்" என்ற மாதிரி விவரம் எழுதினாள், பட்டன்களுக்குப் பெயர் போட்டாள். தம்பிக்கு அதற்கான கூலி கொடுத்தோம். நீலப் பொத்தானை எடுத்தாயிற்று.

காசைத் திருப்பிக் கேட்டதற்கு, வருடப் புதுப்பிப்பு என்று இன்னும் 40,000 ரூபாவுக்குப் பில் அனுப்பியிருக்கிறார். பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்தில் முறையிட்டிருக்கிறேன். இப்போது மாங்குளம், வவுனியாப் பக்கம் திரிகிறாராம். உங்களிடம் வந்தால் முற்பணம் கொடுக்க முதல், திரையை அணைத்துவிட்டு, மவுஸ் தொடாமல், உங்கள் சைட்டில் ஒரு சாமான் ஓடர் பண்ணிக் காட்டச் சொல்லுங்கள்.