லிவிங் வில், டிஎன்ஏஆர், ‘நாங்களே கூட்டிட்டுப் போறோம்’: எது எங்கே கைகொடுக்கும்?

“எனக்கு மெஷின் எதுவும் மாட்டிடாதீங்கப்பா” என்று பிள்ளைகளிடம் சொல்லிவைப்பது, தேறாத நிலையில் வீண் சிகிச்சையைத் தவிர்க்கச் செலவில்லாத வழி. சட்டம் அதை ஒதுக்கிவிடவும் இல்லை. எழுதிவைக்காத நோயாளிக்கும், இனி தேறமாட்டார் என்று மருத்துவக் குழுக்கள் முடிவு செய்து நெருங்கிய உறவினரும் சம்மதித்தால் சிகிச்சையை நிறுத்தலாம். சிக்கல் அந்தச் சம்மதத்தில்தான். பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்ட மகள் ‘போதும்’ என்பாள். துபாயிலிருந்து வந்திறங்கிய மகன் ‘எல்லாவற்றையும் செய்யுங்கள்’ என்பான். குடும்பம் இரண்டுபட்டு நிற்கும்போது எந்த டாக்டரும் வெண்டிலேட்டரில் கை வைக்கமாட்டார்.

லிவிங் வில், அதாவது பேச முடியாத நிலை வந்தால் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் ஆவணம், இந்த இழுபறியைத்தான் குறைக்கிறது. 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றம் இதை ஏற்றது. ஆனால் அன்று வைத்த நடைமுறையில் மாஜிஸ்திரேட்டின் மேலொப்பம், கலெக்டர் அமைக்கும் குழு என்று படிகள் அதிகம், ஏட்டோடு நின்றது. 2023 ஜனவரி 24 அன்று அதைத் தளர்த்தினார்கள். இப்போது தேவை இவ்வளவுதான்: தெளிந்த மனநிலையில் உள்ள, 18 வயது நிறைந்த ஒருவர் எழுத்தில் தர வேண்டும், இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்து, நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரியின் சான்று. சாட்சிகள் வெளியாட்களாக இருப்பது நல்லது. உங்கள் சார்பில் பேசப்போகிறவரின் பெயரும் உள்ளே இருக்க வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட பெயர்களைக் குறிப்பிடலாம். இரண்டு பேரைப் போடுங்கள். அதில் ஒருவராவது அரை மணி நேரத்தில் ஆஸ்பத்திரிக்கு வந்து சேரக்கூடியவராக இருக்கட்டும். மூத்த மகன் என்ற முறைக்காக வெளிநாட்டில் இருப்பவர் பெயரை மட்டும் எழுதிவைப்பது வீண்.

எழுதும் வாசகத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ‘கௌரவமாகச் சாக விரும்புகிறேன்’ என்பதை வைத்துக்கொண்டு மருத்துவக் குழு ஒன்றும் செய்ய முடியாது. வாசகம் தெளிவில்லை என்றால் அதைச் செயல்படுத்தக் கூடாது, எழுதாதவருக்கான நடைமுறையைப் பின்பற்ற வேண்டும் என்பதே தீர்ப்பு. இப்படி எழுதலாம்: “நினைவு திரும்ப வாய்ப்பில்லை என்றோ, தீராத நோயின் கடைசிக் கட்டம் என்றோ மருத்துவக் குழு முடிவு செய்தால், வெண்டிலேட்டர், டயாலிசிஸ், நெஞ்சை அழுத்தும் சிபிஆர் வேண்டாம். ஏற்கெனவே தொடங்கியிருந்தால் நிறுத்தலாம். வலிக்கும் மூச்சுத்திணறலுக்கும் மருந்து கடைசிவரை வேண்டும்.” மூக்குக்குழாய் வழி உணவு பற்றித் தனியாக ஒரு வரி சேருங்கள், வீட்டில் சண்டை மூள்வது அதில்தான். மனம் மாறினால் எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம் என்ற வரியும் இருக்க வேண்டும்.

பிரதிகளை, பெயர் குறிப்பிட்டவர்களுக்கும் குடும்ப டாக்டருக்கும் உள்ளாட்சி அமைப்பின் பொறுப்பு அதிகாரிக்கும் தர வேண்டும். பீரோவில் பத்திரங்களோடு பூட்டிவைத்தால் ராத்திரி இரண்டு மணிக்கு யார் தேடுவது?

இந்தக் காகிதத்தைக் காட்டியதும் மெஷினை நிறுத்திவிடுவார்கள் என்று நினைக்க வேண்டாம். சிகிச்சை தரும் டாக்டரும், குறைந்தது 5 ஆண்டு அனுபவமுள்ள இரண்டு நிபுணர்களும் அடங்கிய முதல் குழு, கூடியவரை 48 மணி நேரத்துக்குள் கருத்துச் சொல்ல வேண்டும். பிறகு, மாவட்டத் தலைமை மருத்துவ அதிகாரி நியமிக்கும் டாக்டர் உள்ள இரண்டாம் குழுவுக்கும் அதே கெடு. செயல்படுத்தும் முன் மாஜிஸ்திரேட்டுக்குத் தகவல் தந்தால் போதும். குழு மறுத்தால் உயர் நீதிமன்றம் போகலாம்.

டிஎன்ஏஆர் இதைவிடச் சின்ன கருவி, ஆனால் வேகமானது. இதயம் நின்றால் சிபிஆர் வேண்டாம் என்ற ஒரே விஷயத்துக்கான குறிப்பு அது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐசிஎம்ஆர்) 2020இல் இதற்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. மற்ற எல்லாச் சிகிச்சையும் தொடரும். ‘கைவிட்டுட்டாங்க’ என்று உறவினர் பயப்பட வேண்டியதில்லை. முற்றிய புற்றுநோயாளியின் விலா எலும்புகள் நொறுங்க நெஞ்சை அழுத்துவதைத் தவிர்க்க இது ஒன்றே போதும். ஏற்கெனவே மாட்டிய வெண்டிலேட்டரை எடுக்க இது உதவாது. வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்றினால் அங்கே மறுபடி பேச வேண்டும்.

எதுவும் கையில் இல்லாத குடும்பங்கள் பல, ‘டாக்டர் சொல்லையும் மீறிக் கூட்டிச் செல்கிறோம்’ என்று கையெழுத்துப் போடுகின்றன. ஆம்புலன்ஸில் ஒருவர், கையால் மூச்சுக் கொடுக்கும் ஆம்பு பையை அமுக்கிக்கொண்டே வருவார். வீட்டு வாசலில் குழாயை எடுப்பார்கள். அதன் பிறகு மூச்சுத்திணறலுக்கு மார்ஃபின் கிடையாது, கூப்பிட்டால் வர டாக்டர் கிடையாது. இறப்புக்கான காரணத்தைச் சான்றளிக்க ஆள் தேடுவது அடுத்த அலைச்சல். நான்கில் இதுதான் ஆக மோசமானது. வீட்டில்தான் கடைசி நாட்கள் என்று முடிவெடுத்தால், டிஸ்சார்ஜுக்கு முன்பே வலித்தணிப்புச் சிகிச்சைக் குழுவிடம் பேசி மருந்துச்சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னும் இரண்டு காகிதங்களைச் சிலர் இதற்குப் போதும் என்று நம்புகிறார்கள். சாதாரண பவர் பத்திரம், எழுதிக் கொடுத்தவர் சித்தசுவாதீனம் இழந்ததுமே செல்லாது. அதாவது தேவைப்படும் நேரத்தில் சரியாகக் காலைவாரும். 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின் முன்கூட்டிய விருப்ப ஆவணம் மனநோய்ச் சிகிச்சைக்கு மட்டும்தான்.