உப்புத்தண்ணீர்த் தொட்டியில் பாசி: நாலு வருஷம் தேய்த்த அனுபவம்

எங்கள் வீடு சென்னை வேளச்சேரியில். ஹாலில் 200 லிட்டர் கடல்நீர்த் தொட்டி ஒன்று நாலு வருஷமாக ஓடுகிறது. உள்ளே ரெண்டு கிளவுன் மீன், பாசி மேய்கிற பிளென்னி மீன் ஒன்று, கொஞ்சம் நத்தை. பவளம் கிடையாது. பவளப்பாறை கட்டும் இனங்கள் எல்லாம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, அந்த வம்பே வேண்டாம் என்று காய்ந்த பாறையோடு நிறுத்திக்கொண்டேன். இவன் மீன் வளர்த்ததைவிடப் பாசி வளர்த்ததுதான் அதிகம் என்று வீட்டில் சொல்வார்கள், மறுக்க முடியாது.

முதல் ரெண்டு மாசம் மணல் மேலே காப்பித்தூள் கொட்டின மாதிரி பழுப்பாகப் படிந்தது. அது டயட்டம் என்கிற நுண்பாசி, புதுத் தொட்டி எல்லாவற்றிலும் வருவதுதான், தானாகவே போய்விட்டது. அஞ்சாம் மாசம் ஆரம்பித்தது பச்சை முடிப்பாசி. பாறை மேலே விரல் நீளத்துக்குத் தலைமுடி மாதிரி வளர்ந்து, வேவ்மேக்கர் (தண்ணீரை அலையடிக்க வைக்கும் சின்ன பம்ப்) ஓடுகிற திசையில் ஆடிக்கொண்டிருக்கும். அம்மா பார்த்துவிட்டு, "என்னடா இது, நம்ம ஊர்க் கிணத்தடி மாதிரி இருக்கு" என்றாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் பாறையை வெளியே எடுத்து, பக்கெட்டில் தொட்டித் தண்ணீரையே பிடித்து அதில் வைத்துப் பழைய டூத்பிரஷ்ஷால் தேய்ப்பேன். பத்து நாளில் திரும்ப அதே முடி. கடைக்கார அண்ணன் பாசி போக ஒரு பாட்டில் மருந்து கொடுத்தார், ஒரு வாரம் பளிச்சென்று இருந்தது. செத்த பாசி உள்ளேயே அழுகி அடுத்த பாசிக்கு உரமானது, முன்னைவிட அடர்த்தியாக வந்தது. விளக்கை 10 மணி நேரத்திலிருந்து 6 மணி நேரமாகக் குறைத்தேன், வளர்ச்சி கொஞ்சம் மெதுவானதே தவிர நிற்கவில்லை.

இதில் என்னை ரொம்ப நாள் ஏமாற்றியது டெஸ்ட் கிட். பாசிக்கு உரமான பாஸ்பேட்டை அளந்து பார்த்தால் கிட்டத்தட்ட பூஜ்யம். தண்ணீர் சுத்தம், அப்புறம் எப்படிப் பாசி என்று மண்டையை உடைத்துக்கொண்டேன். தண்ணீரில் வருவதை வரவரப் பாசி தின்றுவிடுகிறது, அதனால்தான் மிச்சம் எதுவும் அளவில் காட்டவில்லை என்பது புரியவே வருஷம் ஒன்று போய்விட்டது.

உள்ளே வருவது எங்கிருந்து? ஏப்ரலில் தொட்டித் தண்ணீர் 31 டிகிரியைத் தொட்டுவிடும், தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் வாங்க வசதியில்லை, ரெண்டு சின்ன ஃபேன் மாட்டி 28க்கு இறக்குவேன். ஃபேன் ஓடினால் நாளைக்கு 4 லிட்டர் ஆவியாகும், அதைச் சமையலறை ஆர்ஓ தண்ணீரால் நிரப்பிக்கொண்டிருந்தேன். ஆர்ஓதானே, சுத்தமாகத்தானே இருக்கும் என்ற நினைப்பு. சில நூறு ரூபாய்க்கு தண்ணீரில் கரைந்திருப்பதை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்கி முக்கிப் பார்த்தால் 78! வீட்டு ஆர்ஓவில் டிடிஎஸ் கன்ட்ரோலர் என்று ஒன்று இருக்கிறது, குடிக்க ருசியாக இருக்கட்டும் என்று மெம்பிரேன் வழியாகப் போகாத தண்ணீரையும் கொஞ்சம் கலந்துவிடும். நமக்குச் சரி, தொட்டிக்குச் சரியில்லை. ஆவியாகிப் போவது வெறும் தண்ணீர் மட்டும்தான், அதில் கரைந்திருந்த நைட்ரேட்டும் சிலிக்கேட்டும் மற்றதும் அங்கேயேதான் கிடக்கும். மாசத்துக்கு 120 லிட்டர் என்று கணக்குப் போட்டபோது, பாதித் தொட்டிக்கும் மேல் அந்தத் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தது தெரிந்தது.

கன்ட்ரோலர் இல்லாத தனி ஆர்ஓ, அதன் பின்னால் மிச்சம் கரைந்திருப்பதையும் பிடித்துக்கொள்ளும் ரெசின் குழாய் ஒன்று மாட்டினேன், மீட்டரில் 0. உறைந்த இறாலையும் ஐஸ் கரைந்த தண்ணீரோடு அப்படியே போடாமல் டீ வடிகட்டியில் அலசிப் போட ஆரம்பித்தேன். உடனே பலன் கிடைத்துவிடவில்லை. பாறை ஏற்கெனவே பாஸ்பேட்டைக் குடித்து வைத்திருக்கும், கொஞ்சம் கொஞ்சமாகக் கக்கும். மூணு மாசம் கழித்துத்தான் முடி வெளிறி, தொட்டாலே கையோடு வர ஆரம்பித்தது.

அதோடு சும்மா இருந்திருக்கலாம். இன்னும் சுத்தமாக்குகிறேன் பேர்வழி என்று பாஸ்பேட் உறிஞ்சும் இரும்புத் துகளை ரெண்டு மடங்கு போட்டேன். இந்த முறை நைட்ரேட், பாஸ்பேட் ரெண்டுமே நிஜமாகவே பூஜ்யம். மூணாவது வாரம் பாறையெல்லாம் பழுப்புச் சளி, நுனியில் காற்றுக்குமிழி, ராத்திரி குறையும், மதியம் நூல் நூலாகத் தொங்கும். நத்தைகள் மல்லாந்து கிடந்தன, நாலு செத்தன. கொஞ்சத்தைப் பாட்டிலில் போட்டுக் குலுக்கி, டிஷ்யூ பேப்பரில் வடிகட்டி வெளிச்சத்தில் வைத்தேன். ஒரு மணி நேரத்தில் தெளிந்த தண்ணீரில் திரும்பவும் நூல் திரண்டது. டைனோ, அதாவது டைனோஃபிளாஜெல்லேட் என்கிற நுண்ணுயிர். முடிப்பாசியே தேவலாம் என்று தோன்றவைத்த ஜென்மம். போட்டி போட வேறு பாசி இல்லாத இடத்தில்தான் இது கொழுக்கும். துகளை எடுத்தேன், தீனியைக் கூட்டினேன், தொட்டியைக் கறுப்புத் துணியால் மூணு நாள் மூடினேன், யூவி விளக்கும் மாட்டினேன். போக ரெண்டு மாசம் ஆனது. இப்போது நைட்ரேட்டை 5 முதல் 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற அளவு), பாஸ்பேட்டை 0.05 பக்கம் வேண்டுமென்றே வைத்திருக்கிறேன்.

நடுவில் மூலையில் சிவப்புப் படலமும் வந்தது. அது பாசியே இல்லை, பாக்டீரியா. வேவ்மேக்கரை அந்தப் பக்கம் திருப்பி, படலத்தைக் குழாயில் உறிஞ்சி எடுத்தேன், அவ்வளவுதான்.

இன்றைக்கும் நாலு நாளைக்கு ஒருமுறை பழைய ஏடிஎம் கார்டால் கண்ணாடியைச் சுரண்டுகிறேன். வாரத்துக்கு 20 லிட்டர் மாற்றுகிறேன், அதற்கு 700 கிராம் உப்பு. பம்ப் பின்னால் ஒரு கைப்பிடி முடிப்பாசி இருக்கிறது, பிளென்னி காலையில் முதல் வேலையாக அங்கேதான் போகிறது, அதனால் அதைத் தொடுவதில்லை. ரெசின் நிறம் மாற ஆரம்பித்துவிட்டது, அடுத்த மாசம் கொளத்தூர் மீன் கடைகளுக்குப் போகிறபோது வாங்க வேண்டும்.