பின்டரின் ‘தி பர்த்டே பார்ட்டி’: ஒரே மேஜை, ஒட்டாத நடிப்பு

1958-இல் லண்டன் லிரிக் ஹாமர்ஸ்மித் அரங்கில் எட்டே காட்சிகளோடு சுருண்ட நாடகம் இது. 1987-இல் பிபிசிக்காக கென்னத் ஐவ்ஸ் இயக்கிய தொலைக்காட்சி வடிவத்தில் நாடகத்தை எழுதிய ஹாரல்ட் பின்டரே கோல்ட்பெர்க் வேடம் கட்டியிருக்கிறார். கடலோர ஊரில் ஒரு வீட்டில் வாடகைக்குத் தங்கியிருக்கும் ஸ்டான்லியைத் தேடிவந்து, விசாரித்து, நொறுக்கிக் கூட்டிப்போகும் இரண்டு அந்நியர்களில் ஒருவன் கோல்ட்பெர்க், மற்றவன் மெக்கேன்.

எழுதியவரே நடித்தால் தன் வசனத்தைத் தானே ரசிப்பாரோ என்ற பயம் வரும். தேவையில்லை. டேவிட் பாரன் என்ற பெயரில் மேடையில் பழகித் தேறிய நடிகர் அவர். குடும்பப் பெருமை பேசும்போதெல்லாம் கோல்ட்பெர்க் இனிக்க இனிக்கப் பேசுகிறார். வயிற்றைக் கலக்குவது அந்த இனிப்புதான். மெக்கேனாக வரும் காலின் பிளேக்லியும் சளைத்தவரல்ல. செய்தித்தாளை ஐந்து சம கீற்றுகளாகக் கிழிக்கிற வேலை அவருக்கு. ஆவேசமாகக் கிழித்தால் காட்சி செத்துவிடும், கணக்குப்பிள்ளை ரசீது கிழிப்பதுபோலக் கிழிக்க வேண்டும். விசாரணைக் காட்சியில் மனைவியைக் கொன்றது ஏன் என்ற கேள்வியும் கோழியா முட்டையா என்ற கேள்வியும் ஒரே எடையில் விழ வேண்டும். இந்த இருவர் கையில் அது விழுகிறது.

சிக்கல் ஸ்டான்லியிடம். முதல் அங்கத்தில் அவன் பாவப்பட்டவன் மட்டுமல்ல. வீட்டுக்கார அம்மா மெக்கைச் சீண்டி, யாரையோ கொண்டுபோக வேனில் தள்ளுவண்டியோடு ஆட்கள் வருவதாகக் கதை சொல்லி மிரட்டுகிற குரூரக்காரன். அவள் தந்த பொம்மை மத்தளத்தை மேஜையைச் சுற்றி அடிக்கும்போது, பாதிவரை தாளம் சீராக இருக்க வேண்டும், பிறகுதான் வெறி. ஸ்டான்லியாக வரும் கென்னத் கிரானம் தொடக்கத்திலேயே பாதி நொறுங்கியவராகத் தெரிவதால், விழுவதற்கு உயரம் இல்லை. கடைசியில் சவரம் செய்து, கோட்டு மாட்டி, பேச்சற்றவனாக அவரை இறக்கிவரும்போது வரவேண்டிய அதிர்ச்சி அதனால்தான் குறைகிறது.

ஜோன் பிளவ்ரைட்டின் மெக் அருமை. கார்ன்ஃபிளேக்ஸ் பரிமாறுவதிலேயே ஒரு வெகுளித்தனம். ஆனால் சில இடங்களில் கடைசி வரிசைக்கும் எட்டும்படி நடிக்கிறார். கேமரா முகத்துக்கு அருகில் இருப்பதை மறந்துவிட்டதுபோல. இருபதுகளில் உள்ள அண்டைவீட்டுப் பெண் லூலுவுக்கு ஜூலி வால்டர்ஸ் பொருந்தவேயில்லை. அப்போது அவருக்கு முப்பத்தேழு வயதை நெருங்கிய, உலகம் தெரிந்த முகம்.

மெக்கின் கணவனாக வரும் ராபர்ட் லாங்கின் பீட்டியை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. ஸ்டான்லியை வெளியே கூட்டிப்போகும்போது குரல் கொடுப்பார். பிறகு வந்து உட்கார்ந்து செய்தித்தாளை விரிக்க, மெக்கேன் கிழித்த கீற்றுகள் தரையில் விழும். மெக் உள்ளே வந்து ஸ்டான்லி எங்கே என்கிறாள். தூங்குகிறான், என்கிறார்.