லிண்ட் விதிகளைப் பகிர்வது: காப்பியா, பேக்கேஜா, ரெடிமேடா?

ஒரு ரெப்போவில் (ஒரு புராஜெக்டின் கோடு இருக்கும் கிடங்கு) பயன்படுத்தாத வேரியபிள் இருந்தால் பில்டே நிற்கிறது. பக்கத்து ரெப்போவில் அதே தவறு சத்தமில்லாமல் புரொடக்‌ஷன் வரை போகிறது. இரண்டிலும் இருப்பது, ஜாவாஸ்கிரிப்ட் கோடில் தவறுகளைப் பிடிக்கும் (லிண்ட் செய்யும்) ஈஎஸ்லிண்ட் கருவியின் ஒரே கான்ஃபிகின், அதாவது விதிகள் எழுதிய கோப்பின், காப்பிதான். நடுவில் யாரோ அவசரத்துக்கு, அந்தத் தவறைப் பிடிக்கும் 'நோ-அன்யூஸ்டு-வார்ஸ்' விதியை அணைத்துவிட்டுத் திரும்பப் போட மறந்துவிட்டார். காப்பி எடுப்பது ஐந்து நிமிட வேலை. ஆனால் ஆறு மாதம் கழித்து எது மூலம், எது பிரதி என்று யாராலும் சொல்ல முடியாது.

எல்லா புராஜெக்டும் ஒரே மோனோரெப்போவில் இருந்தால் ரூட்டில் ஒரு கோப்பு போதும். இந்தக் கேள்வியே எழாது.

தனித்தனி ரெப்போ என்றால் என் ஓட்டு, விதிகளை என்பிஎம் (ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ்களைப் பகிரும் இடம்) பேக்கேஜாக வெளியிடுவதற்கு. பழைய முறையில் ஈஎஸ்லிண்ட் பிளகின்களை (கூடுதல் விதிகள் தரும் துணை பேக்கேஜ்கள்) பெயரை வைத்துத் தேடும். அதனால் பேக்கேஜோடு சேர்த்து, அது கேட்கும் பிளகின்களையும் ஒவ்வொரு புராஜெக்டிலும் நிறுவ வேண்டியிருந்தது. வெர்ஷன் மோதல் வேறு. 2024 ஏப்ரலில் வந்த ஈஎஸ்லிண்டின் 9-ஆம் வெர்ஷன், ஃபிளாட் கான்ஃபிக் என்ற புதிய கான்ஃபிக் முறையை இயல்பாக்கியதும் இந்தத் தொல்லை போனது. கான்ஃபிக் இப்போது வெறும் ஜாவாஸ்கிரிப்ட் அரே (வரிசைப் பட்டியல்). தனக்கு வேண்டிய பிளகினை பேக்கேஜே இம்போர்ட் செய்துகொள்ளும். புராஜெக்டில் எழுத வேண்டியது இம்போர்ட் ஒரு வரி, எக்ஸ்போர்ட் ஒரு வரி. அந்த புராஜெக்டுக்கு மட்டும் வேண்டிய விதியை அரேயின் கடைசியில் வையுங்கள். பின்னால் வருவதே செல்லும். முன்னால் வைத்தால் பேக்கேஜின் விதி அதை மூடிவிடும், எச்சரிக்கைகூட வராது.

இதில் கவனம் தேவைப்படுவது வெர்ஷன் எண்ணில்தான். புதிய விதி ஒன்றை 'எரர்' நிலையில் சேர்த்து, பேட்ச் வெர்ஷனாக (சிறு திருத்தம் மட்டுமே என்று சொல்லும் எண்) வெளியிட்டோம். அடுத்தடுத்த அப்டேட்டில் ஒவ்வொரு ரெப்போவின் சிஐயும் (கோடைத் தானாகச் சோதிக்கும் அமைப்பு) சிவப்பானது. அதன்பிறகு புதிய விதி எதுவானாலும் முதலில் 'வார்ன்' (எச்சரிக்கை மட்டும்), எரராக மாற்றும்போது மேஜர் வெர்ஷன் (பெரிய மாற்றம் என்று சொல்லும் எண்).

ரெடிமேடில், 'ஸ்டாண்டர்டு' என்ற விதித்தொகுப்பு செமிகோலன் வேண்டுமா வேண்டாமா என்ற சண்டையை ஒரே நாளில் முடித்துவிடும், ஆனால் விதிகளை உங்கள் இஷ்டத்துக்கு வளைக்க விடாது. 2023-இல் ரோம் என்ற கருவியிலிருந்து பிரிந்து வந்த பயோம் என்ற லிண்ட் கருவி, ரஸ்ட் மொழியில் எழுதப்பட்டது. வேகம் அபாரம், ஃபார்மேட்டரும் (கோடின் வடிவத்தைச் சீராக்குவது) உள்ளேயே இருக்கிறது, அதன் கான்ஃபிகையும் பேக்கேஜாகப் பகிரலாம். ஈஎஸ்லிண்டுக்கு இருக்கும் அளவு பிளகின்கள் மட்டும் இல்லை. புதிதாகத் தொடங்கும் குழுவுக்கு பயோமைத் தயங்காமல் சொல்வேன். சொந்த விதிகள் எழுதி வைத்திருக்கும் குழு ஈஎஸ்லிண்டிலேயே இருந்து, அவற்றை பேக்கேஜுக்குள் கொண்டுவரட்டும்.